புகைத் தடைக்குக் கை தூக்கியவர்களே டீக்கடையில் ஏன் நிற்கிறார்கள்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். புதுச்சேரியில் சமூகப்பணி முதுகலை படிக்கிறீர்கள். கல்லூரி வளாகம் முழுக்கப் புகைபிடிக்கத் தடை என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதை வைத்து ஒரு சிறு ஆய்வு செய்யலாம் என்று வகுப்பில் கை தூக்கச் சொல்லிக் கேட்டீர்கள். ஏறக்குறைய எல்லாரும் ஆதரவு. இடைவேளையில் போய்ப் பார்த்தால், கை தூக்கியவர்களில் சிலர் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் சிகரெட்டோடு நிற்கிறார்கள். 'இவர்கள் சொன்னது பொய்யா? இந்தத் தடையால் ஏதாவது பயன் உண்டா?' என்று கேட்டிருக்கிறீர்கள். மாணவர்கள் ஆதரிக்கிறார்களா இல்லையா என்பது உங்களுக்கு ஏற்கனவே தெரிந்துவிட்டது. அந்த ஆதரவை எவ்வளவு நம்பலாம், அதை வைத்துக் கல்லூரி என்ன செய்ய முடியும் என்பதுதான் உங்கள் குழப்பம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் படித்தது சமூக மருத்துவம். இந்தப் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் பல வருடம் பாடம் எடுத்தேன். கூடவே, புகையிலையை விட நினைப்பவர்களுக்கான ஆலோசனைப் பிரிவையும் பார்த்துக்கொண்டேன். கடலூர், பண்ருட்டி, திண்டிவனம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் பிடித்துப் படிக்க வரும் பையன்கள் நிறையப் பேர் அங்கே எதிரில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். ஆனால் ஆலோசனைக்கு வருபவர் ஒன்று தானாகவே விட நினைத்தவர், இல்லையென்றால் அம்மாவோ அக்காவோ இழுத்து வந்தவர். சந்தோஷமாகப் புகைத்துக்கொண்டிருப்பவர் அந்த அறைக்கு வருவதில்லை. ஆகவே கீழே 'நான் பார்த்தது' என்று எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொய்யா என்ற கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் இல்லை. புகைபிடிக்கிற ஒருவர் புகைத் தடையை மனதார ஆதரிப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்தான். 2016-17-இல் இந்தியாவில் எடுத்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விட்டுவிட நினைப்பதாக அல்லது திட்டமிடுவதாகச் சொன்னார்கள். விட நினைக்கிறவருக்கு, கண்ணெதிரே யாரும் பற்றவைக்காத இடம் ஒரு உதவி. என்னிடம் வந்த மாணவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது, 'சார், தனியா இருந்தா சமாளிச்சிடுவேன், பக்கத்துல ஒருத்தன் பத்தவச்சா முடியல' என்பதுதான். இப்படிப்பட்டவர் உங்கள் வகுப்பில் தடைக்குக் கை தூக்கிவிட்டு அரை மணி நேரத்தில் டீக்கடைக்குப் போனால், இரண்டுமே அவருடைய உண்மையான செயல்கள்தான். முதலாவது அவர் விரும்புவது, இரண்டாவது அவர் உடம்பு கேட்பது.

இன்னொரு வகை ஆட்களும் உண்டு. இவர்களுக்குப் புகையை விடும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. ஆனால் இடம் பொருள் பார்க்கிறவர்கள். வகுப்பறையில், நூலகத்தில், கேன்டீனில் அடுத்தவர் முகத்தில் புகை விடுவது தப்பு என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் அப்பா முன்னால் பற்றவைக்காத அதே மனசுதான் இங்கேயும் வேலை செய்கிறது. 'உள்ளே வேண்டாம், வெளியே நம்ம பாடு' என்பது அவர்கள் கணக்கு. இவர்களுடைய ஆதரவை வைத்துக்கொண்டு 'மாணவர்கள் புகையை வெறுக்கிறார்கள்' என்று உங்கள் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். அவர்கள் ஆதரித்தது ஒரு எல்லையை.

அதே சமயம், கை தூக்கச் சொல்லிக் கேட்டதில் ஒரு கோளாறு இருக்கிறது. சக மாணவிகள் பார்க்கிறார்கள், ஆசிரியர் ஒருவேளை பின்னால் நிற்கிறார், கேட்பவர் சமூகப்பணித் துறை. அந்த இடத்தில் 'தடை வேண்டாம்' என்று கை தூக்குகிறவர் தன்னைப் புகைப்பவர் என்று அறிவித்துக்கொள்கிறார். மனிதர்கள் கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள் என்பது எல்லாக் கணக்கெடுப்பிலும் உள்ள தொல்லை. புகை, குடி, பாலுறவு விஷயங்களில் அது இன்னும் அதிகம். எனவே உங்களுக்குக் கிடைத்த 'ஏறக்குறைய எல்லாரும்' என்பதைக் கொஞ்சம் ஊதிப்போன எண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதாத தாளில், மடித்துப் பெட்டியில் போடச் சொல்லிக் கேட்டால் குறையும். ஆனாலும் பாதிக்குக் கீழே போகும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். காரணம், புகைக்காதவர்களே பெரும்பான்மை. அதே 2016-17 கணக்கெடுப்பில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் எந்த வடிவத்திலாவது புகையிலை பயன்படுத்துகிறவர்கள் 12.4 சதவீதம், அதற்கு முந்தைய 2009-10 கணக்கெடுப்பில் அது 18.4 ஆக இருந்தது. இது வாயில் அடக்குவது, மெல்லுவது எல்லாம் சேர்த்து.

இந்த எண்ணை மாணவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். 'எங்க காலேஜ்ல பாதிப் பேர் தம் அடிப்பான் சார்' என்பார்கள். டீக்கடையில் நிற்பவர் கண்ணில் படுகிறார். நூலகத்தில் உட்கார்ந்திருப்பவரை யாரும் 'புகைக்காதவர்' என்று எண்ணி வைத்துக்கொள்வதில்லை. சகமாணவர்களின் பழக்கத்தை இப்படி மிகைப்படுத்தி எண்ணுவது பல நாட்டுக் கல்லூரிகளிலும் பதிவாகியிருக்கிறது. இதன் விளைவு சின்னதில்லை. எல்லாரும் அடிக்கிறார்கள் என்று நினைக்கிற முதலாமாண்டுப் பையன், தானும் அடித்தால்தான் கூட்டத்தில் சேர முடியும் என்று நினைக்கிறான். இந்தியாவில் புகையிலையைத் தொடங்கும் சராசரி வயது 18.9 என்கிறது அதே கணக்கெடுப்பு. அதாவது கல்லூரிக்குள் கால் வைக்கிற வயது. வளாகத் தடைக்கு என்னைக் கேட்டால் இதுவே முதல் நியாயம். ஏற்கனவே புகைப்பவரை நிறுத்துவதற்கு முன்னால், புதிதாக வருகிறவர் கண்ணில் அது படாமல் இருக்க வேண்டும்.

தடையை எதிர்ப்பவர்கள் யார் என்பதையும் பார்த்துவிடலாம். நண்பர்களோடு இருக்கும்போது மட்டும் ஒன்றிரண்டு இழுக்கிறவர் பெரிதாக எதிர்ப்பதில்லை. அவருக்கு அது இல்லாவிட்டாலும் பொழுது போகும். தினமும் புகைக்கிறவர், அதிலும் காலையில் எழுந்தவுடன் தேடுகிறவர்தான் கோபப்படுகிறார். நிகோடின் புகை வழியே சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒன்பது மணிக்குத் தொடங்கிய இரண்டு வகுப்புகள் முடியும்போது அவருக்குக் கை பரபரக்கும், பாடத்தில் மனசு நிற்காது, எரிச்சல் வரும். அவரிடம் போய் 'தடையை ஆதரிக்கிறாயா' என்று கேட்டால் வருகிற பதில் கொள்கை சார்ந்ததாக இருக்காது. அதனால்தான் உங்கள் கேள்வித்தாளில் கட்டாயம் ஒரு கேள்வி இருக்க வேண்டும் என்கிறேன்: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் அல்லது பீடி? ஐந்து நிமிடத்துக்குள், அரை மணிக்குள், ஒரு மணிக்குள், அதற்குப் பிறகு என்று நான்கு பதில் போதும். இது அடிமைத்தனத்தின் அளவைக் காட்டும் பழைய, நன்றாகச் சோதிக்கப்பட்ட கேள்வி. இதோடு சேர்த்துப் பார்த்தால்தான் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

சட்டம் பற்றி மாணவர்கள் நடுவில் நிறையத் தவறான பேச்சு இருக்கிறது. அது கருத்தையும் பாதிக்கிறது. இந்தத் தடை உங்கள் முதல்வர் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 2001-இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடைசெய்தபோதே கல்வி நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 4-ஆவது பிரிவு அதையே சட்டமாக்கியது. இப்போதுள்ள விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஓட்டல்களிலும் விமான நிலையங்களிலும் புகைக்கத் தனி அறை வைக்க அந்த விதிகள் இடம் தருகின்றன. கல்லூரிக்கு அந்தச் சலுகை இல்லை. 'மைதானம் திறந்தவெளி, அது சட்டத்தில் வராது' என்று வாதாடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாதத்துக்கு ஒரு அடிப்படை உண்டு. சட்டத்தின் வரையறை திறந்தவெளியை விலக்கித்தான் வைத்தது. ஆனால் 2008 விதிகள், மக்கள் வந்துபோகும் திறந்த அரங்கம், விளையாட்டரங்கம், பேருந்து நிறுத்தம் போன்றவை அந்த விலக்கில் சேராது என்று சொல்லிவிட்டன. போதாததற்கு, கல்லூரி தன் சொந்த ஒழுங்கு விதியாகவே முழு வளாகத்துக்கும் தடை போடலாம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் புகையிலையற்ற கல்வி நிறுவன வழிகாட்டுதலும் அதைத்தான் கேட்கிறது.

அபராதத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். மத்தியச் சட்டப்படி பொது இடத்தில் புகைத்தால் அதிகபட்சம் 200 ரூபாய். அதை வசூலிக்கும் அதிகாரம் கல்லூரிக்குள் நிறுவனத் தலைவருக்கு உண்டு. சில கல்லூரிகள் ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்கினால், அது புகையிலைச் சட்டத்தின் அபராதம் ஆகாது. கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கை. இரண்டையும் குழப்பும்போது மாணவர்கள் 'சட்டம்ங்கற பேர்ல காசு புடுங்குறாங்க' என்று பேசத் தொடங்குகிறார்கள். அப்புறம் தடையின் மீதே வெறுப்பு வந்துவிடுகிறது.

இப்போது அந்த டீக்கடைக்கு வருவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் காலை இடைவேளையில் நின்று பாருங்கள். கடையின் முன்தூணில் ஒரு லைட்டர், நூலில் கட்டித் தொங்கும். டீ கிளாஸ் கைக்கு வரும்போதே கடைக்காரர் பிரித்து வைத்த பாக்கெட்டிலிருந்து ஒற்றை சிகரெட்டை எடுத்து நீட்டுவார். தினமும் வருகிற பையனிடம் என்ன வேண்டும் என்று கேட்பதுகூட இல்லை. அவன் பற்றவைத்து, நெருப்பு முனை உள்ளங்கைக்குள் மறைகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, கண்ணை கேட்டின் மேலேயே வைத்திருப்பான். யாராவது பேராசிரியர் பைக்கில் வந்தால் கை முதுகுக்குப் பின்னால் போகும். முடித்ததும் ஒரு ஹால்ஸ், வாய் கொப்பளிக்கக் கொஞ்சம் தண்ணீர், வகுப்பு. இந்த முழு நேரத்திலும் அவன் பார்க்காத ஒன்று இருக்கிறது: 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் 85 சதவீத இடத்தை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படம். பாக்கெட் கடைக்காரரின் கையோடு இருக்கிறது. ஒற்றையாக வாங்குகிறவனுக்கு எச்சரிக்கையும் இல்லை, பாக்கெட் விலையின் கனமும் இல்லை.

அந்தக் கடையில் சிகரெட் விற்பதே சட்டப்படி குற்றம். அதே 2003 சட்டத்தின் 6-ஆவது பிரிவு கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்கிறது. அளவு சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து தொடங்கும், பிரதான வாசலிலிருந்து இல்லை. கேட்டுக்கு எதிரே இருக்கும் கடையைத் தொடாமல் உள்ளே மட்டும் தடை போட்டால், புகை சாலையைக் கடந்து போகும், அவ்வளவுதான். ஆனால் இதிலும் மாணவர்களின் மனசைப் பார்க்க வேண்டும். அந்தக் கடை பல இடங்களில் ஒரு அக்காவோ, வயதான அண்ணனோ நடத்துவது. கையில் காசு இல்லாத நாளில் கடன் சொல்லி டீ குடித்த கடை. 'தடை சரி, அக்கா கடையை மூடக் கூடாது' என்று மாணவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். சட்டமும் கடையை மூடச் சொல்லவில்லை. புகையிலை விற்காதே என்கிறது. டீ, பன், பிஸ்கட் விற்கலாம். சிகரெட் போனால் கூட்டம் போய்விடும் என்ற அவர் பயம் உண்மையானது. கல்லூரி நிர்வாகம் போலீஸை அனுப்புவதற்கு முன் அவரிடம் உட்கார்ந்து பேசியாக வேண்டும். உங்கள் ஆய்வில் அவரையும் ஒரு பேட்டி எடுங்கள் என்று வற்புறுத்துவேன். சமூகப்பணி படிக்கிறவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

தடையால் பயன் உண்டா என்ற பாதிக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது: மூடிய இடத்தில் அடுத்தவர் விடும் புகைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. 2006-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை இதைத் தெளிவாகச் சொன்னது. எனவே வகுப்பறை, படிக்கட்டு, கழிவறை, விடுதி அறை ஆகியவற்றில் தடை என்பது விவாதத்துக்கு அப்பாற்பட்டது. திறந்தவெளியில் நிலைமை வேறு. அங்கே புகை சீக்கிரம் கலைந்துவிடும். புகைப்பவருக்கு ஓரிரு மீட்டருக்குள் நிற்பவருக்குத்தான் கணிசமாக வரும், விலகினால் வேகமாகக் குறையும். மைதானத்தின் கோடியில் தனியாகப் புகைப்பவரால் நூறு அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு நோய் வரும் என்று சொல்லித் தடையை நியாயப்படுத்தாதீர்கள். மாணவர்கள் கேள்வி கேட்கிறவர்கள். மிகைப்படுத்திச் சொன்னால் மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார்கள். திறந்தவெளித் தடைக்கு நியாயம் வேறு: புதியவர் தொடங்காமல் இருப்பதும், விட நினைக்கிறவருக்குத் தூண்டுதல் குறைவதும்.

அது நடக்கிறதா? அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகம் வளாகம் முழுவதும் புகையைத் தடைசெய்தபோது, அப்படித் தடை இல்லாத, அதே மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2007-க்கும் 2009-க்கும் இடையே இண்டியானாவில் புகைக்கும் மாணவர்கள் 16.5 சதவீதத்திலிருந்து 12.8-க்குக் குறைந்தார்கள், பர்டியூவில் அப்படிக் குறையவில்லை. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் இரண்டே பல்கலைக்கழகம், மாணவர்கள் தாங்களே சொன்ன பதில், பெரிய வளாகம். அங்கே எல்லையைத் தாண்ட நெடுநேரம் நடக்க வேண்டும். இங்கே இருபது அடி வைத்தால் டீக்கடை. ஆகவே அதே அளவு குறையும் என்று நம் கல்லூரிகளுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. குறைய வாய்ப்பு இருக்கிறது, வாசலில் விற்பனை நின்றால் இன்னும் கூடுதலாக. இதற்கு மேல் யாராவது உறுதியாகச் சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

கருத்து மாறுவதைப் பற்றி இன்னும் தைரியமாகச் சொல்லலாம். அயர்லாந்தில் 2004 மார்ச்சில் மதுக்கூடங்கள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் புகையைத் தடைசெய்தார்கள். அதற்கு முன் மதுக்கூடத்தில் முழுத் தடையை ஆதரித்த புகைப்பவர்கள் 13 சதவீதம். தடைக்குப் பின் 46 சதவீதம். ஆட்கள் அவர்களேதான், அந்தச் சூழலில் வாழ்ந்து பார்த்தபின் மனசு மாறியிருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு காலத்தில் கடலூர் - பாண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் பீடி புகைவது சர்வசாதாரணம். டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்டக்டரும் ஒன்று பற்றவைத்திருப்பார். இன்று யாராவது பஸ்ஸுக்குள் பற்றவைத்தால், பீடிக்காரப் பெரியவரே 'இறங்கி அடிப்பா' என்பார். தடை வருவதற்கு முந்தின நாள் அதே பஸ்ஸில் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால், சுற்றறிக்கை வந்த அடுத்த வாரமே கேட்ட கருத்தை முடிவான கருத்தாக எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே கேள்வியை அதே வகுப்பில் கேட்க முடிந்தால் உங்கள் ஆய்வின் மதிப்பு பல மடங்கு கூடும்.

ஆனால் மனசு இந்தப் பக்கம் திரும்ப ஒரு நிபந்தனை உண்டு, எனக்கு இதில்தான் அக்கறை அதிகம். விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மாணவர்களிடம் நான் கேட்ட குறைகளில் புகைக்கும் உரிமையைப் பற்றியது மிகக் குறைவு. 'அந்த சார் ஸ்டாஃப் ரூம் பின்னாடி அடிக்கிறாரு, அவரை யாரு கேட்டா?' என்பது திரும்பத் திரும்ப வரும். காரோட்டி, ஒப்பந்தத் தொழிலாளி, விழாவுக்கு வரும் விருந்தினர், துறைத் தலைவர் எல்லாருக்கும் சட்டம் ஒன்றுதான். மாணவனுக்கு மட்டும் அதைக் காட்டினால் அது சுகாதார விதியாக நிற்காது. அதிகாரம் காட்டுகிற கருவியாகிவிடும், மாணவர்கள் அப்படித்தான் படிப்பார்கள். அடுத்தது வீட்டுக்குக் கடிதம். இருநூறு ரூபாயைவிட, பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் அப்பா கைக்குப் போகும் கடிதத்துக்குத்தான் பையன்கள் நடுங்குகிறார்கள். அந்தப் பயம் புகையை நிறுத்துவதில்லை. விடுதிக் கழிவறைக்குள் தள்ளுகிறது. ஒரு சின்ன ஜன்னல் உள்ள கழிவறையில் நான்கு பேர் மாறி மாறிப் புகைத்தால், அடுத்துப் போகிற புகைக்காத பையனுக்குத் திறந்தவெளியில் கிடைத்ததைவிட மோசமான காற்று.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தடைக்கு மாணவிகளின் ஆதரவு பொதுவாக அதிகமாக இருக்கும், அதில் வியப்பில்லை. அதே 2016-17 கணக்கெடுப்பில் இந்தியாவில் வயதுவந்த ஆண்களில் 19 சதவீதமும் பெண்களில் 2 சதவீதமும் புகைப்பவர்களாக இருந்தார்கள். வீட்டுக்குள் அடுத்தவர் புகையைச் சுவாசிக்கிறவர்கள் 38.7 சதவீதம். அப்பா, அண்ணன் புகையில் வளர்ந்த பெண்ணுக்குக் கல்லூரியாவது சுத்தமாக இருக்கட்டும் என்று தோன்றுவது நியாயம். ஆனால் புகைக்கிற ஒரு மாணவி பிடிபட்டால் விசாரணை நுரையீரலைப் பற்றி நடப்பதில்லை, அவள் ஒழுக்கத்தைப் பற்றி நடக்கிறது. அதே குற்றத்துக்குப் பையனுக்கு எச்சரிக்கை, அவளுக்கு விடுதியை விட்டு வெளியேற்றம் என்றால், அந்தப் பெண்ணும் அவளுடைய தோழிகளும் உங்கள் தாளில் என்ன எழுதுவார்கள்? பெரும்பாலும் ஒன்றும் எழுத மாட்டார்கள். பதில் வராத தாள்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

'புகை' என்று மட்டும் கேட்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கூல் லிப், ஹான்ஸ் மாதிரி உதட்டுக்குள் அடக்கும் புகையிலைக்குப் புகையும் இல்லை, வாசனையும் அவ்வளவு இல்லை, வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். வளாகத்தில் புகை தெரியவில்லை என்று நிர்வாகம் திருப்திப்படும் நேரத்தில் நிகோடின் வேறு வழியில் உள்ளே வந்திருக்கும். வேப் எனப்படும் மின்சிகரெட்டின் தயாரிப்பும் விற்பனையும் இருப்பும் விளம்பரமும் 2019 முதல் நாடு முழுக்கத் தடை; ஆனாலும் மாணவர்கள் பேச்சில் அது அடிபடுகிறது. புகைத் தடை இவற்றுக்கு ஆட்களை மாற்றிவிடுகிறதா என்பதை உங்கள் அளவில் ஒரு கேள்வியாகச் சேர்க்கலாம். முடிவை மட்டும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக, 'ஆதரிக்கிறீர்களா' என்ற ஒற்றைக் கேள்வியை விட்டுவிடுங்கள். இடம் வாரியாகக் கேளுங்கள்: வகுப்பறை, கேன்டீன், விடுதி அறை, மொட்டை மாடி, மைதானம், கேட்டுக்கு வெளியே. விடுதி அறையில்தான் கருத்து பிளக்கும் என்பது என் ஊகம்; 'அது என் வீடு மாதிரி' என்பார்கள் சிலர், 'நானும் அங்கதான் தூங்குறேன்' என்பார் அவரது அறைத்தோழர். பிறகு, பிடிபட்டவரை என்ன செய்யலாம் என்று கேளுங்கள்: அபராதம், பெற்றோருக்குத் தகவல், ஆலோசனைக்கு அனுப்புவது. கல்லூரியில் எத்தனை பேர் புகைப்பார்கள் என்று உத்தேசமாகச் சொல்லச் சொல்லி, அதைத் தாங்களே புகைப்பதாகச் சொன்னவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அந்த இடைவெளியை ஒரு போஸ்டராகப் போட்டு வளாகத்தில் ஒட்டினாலே, மண்டை ஓடு வரைந்த பத்து போஸ்டரைவிட அதிகம் பேசப்படும் என்று நினைக்கிறேன். ஆசிரியர்களிடமும் ஊழியர்களிடமும் அதே தாளைக் கொடுங்கள். கொடுக்க நிர்வாகம் சம்மதிக்கவில்லை என்றால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

தொடங்குவதற்கு முன் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கிவிடுங்கள். தாளில் பெயர், பதிவு எண், கைப்பேசி எண் எதுவும் வேண்டாம். யார் தாள் என்று கண்டுபிடிக்கிற மாதிரி, ஆறு பேர் மட்டும் உள்ள பிரிவுகளைத் தனியாகக் காட்டாதீர்கள். கடைசிப் பக்கத்தில் புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண்ணை அச்சிடுங்கள்: 1800-11-2356. விடுகிறவருக்கு முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சக் கஷ்டம், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும் என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளை நிரப்புகிறவர்களில் விட நினைப்பவர் கட்டாயம் இருப்பார், அவரிடம் கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. கேள்வித்தாள் வரைவு தயாரானதும் இங்கேயே போடுங்கள். வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.